மாவிளையில் வண்டி நிற்காது

ஆறுமுகநயினார் நல்ல மனிதர் என்று சாயங்கால நாகர்கோவில் வண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனிதர், நல்ல மனிதர் என்று தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டு, தங்கள் உறக்கத்தையெல்லாம் அந்த மனிதர் தலையில் கட்டிவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டவர்கள்தானே இவர்கள் அத்தனை பேரும்! கடைசியில் அவர் என்ன பாடுபட்டார் என்று ஒருத்தருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

என் பெயர் மங்கலம். வீடு இரணியலில். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுக்கிற கவுண்டரில் வேலை. பதினாறு வருஷமாக சீசன் டிக்கெட். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரயிலில் உறக்கம் வராது. எத்தனை அலுப்பு என்றாலும் கண்ணை மூட முடியாது.

நயினாருக்கு சாலைக் கடைவீதியில் ஒரு இரும்புக்கடையில் வேலை. கீல், தாழ்ப்பாள், ஆணி, திருகு என்று கேட்டதைக் கேட்ட அளவில் எடுத்துக் கொடுப்பார். நாகர்கோவில் கோட்டாறில் வீடு, மனைவி பெயர் ஆவுடைத்தாய், பிள்ளைகள் இல்லை. மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, நெற்றியில் காலையில் இட்ட திருநீறு சாயங்காலம்வரை அழியாமல் இருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வண்டியில் அவருக்கு ஒரு வேலை உண்டு. யாரும் கொடுத்த வேலை இல்லை, தானாக வந்து சேர்ந்தது. எங்களில் கடைசி ஸ்டேஷனில் இறங்குகிறவர் அவர்தான் என்பதால், மற்றவர்களை அவரவர் ஸ்டேஷனில் எழுப்பிவிடுவது அவர் பொறுப்பு.

நேமத்தில் இறங்குகிறவர், பாலராமபுரத்தில் இறங்குகிறவர், நெய்யாற்றங்கரை, பாறசாலை, குழித்துறை என்று இருபது முப்பது பேர். அத்தனை பேருடைய ஊரும் அவருக்கு மனப்பாடம். ஆண்களைத் தோளில் தட்டுவார். பெண்களைத் தொடமாட்டார். கையில் ஒரு பேப்பரைச் சுருட்டி வைத்திருப்பார், அதனால் சீட்டின் ஓரத்தில் ரெண்டு தட்டு. டொக், டொக். "எம்மா, நெய்யாற்றங்கரை." அவ்வளவுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். ஜன்னல் வழியாகப் பார்ப்பதே இல்லை. பாலத்தில் சத்தம் மாறுவது, வளைவில் பெட்டி சாய்வது, பிரேக் பிடிக்கிற விதம் இதையெல்லாம் வைத்து உடம்பே கணக்குப் போட்டுக்கொள்ளும். "கண்ணைத் தொறந்தா தப்பிப்போவும் எக்கா, மூடினாத்தான் சரியா வரும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். பதினாலு வருஷம் ஒருத்தரைக்கூடத் தவறவிட்டதில்லை.

அவர் எழுப்பிவிட்டவர்களில் ஒருத்தி சுஜா.

சுஜா எங்கள் ஆஸ்பத்திரி கேண்டீனில் தோசைக்கல்லில் நின்றவள். நாற்பது வயது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தால்தான் முதல் வண்டியைப் பிடிக்க முடியும். புருஷன் கல்ஃபுக்குப் போய் ஆறு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அஜிதா என்று ஒரே மகள். நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிற மாவிளை என்கிற சின்ன ஸ்டேஷனில் இறங்குவாள். ஒரே ஒரு பிளாட்பாரம், ஒரு புன்னைமரம், டிக்கெட் கொடுக்க ஒரு அறை. அங்கிருந்து அவள் வீடு நடந்தால் பத்து நிமிஷம். வண்டியில் எனக்கும் என் பக்கத்தில் இருக்கும் நயினாருக்கும் எதிரே ஜன்னலோரத்தில் உட்காருவாள். உட்கார்ந்ததும் "அண்ணாச்சி, மாவிளை" என்பாள். நேமம் வருவதற்குள் உறங்கிவிடுவாள். மாவிளை வந்ததும் டொக், டொக். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாதிக் கண் மூடினபடியே எழுந்து போய் இறங்குவாள். ஸ்டேஷனில் இறங்கி நாலு அடி நடந்த பிறகுதான் அவளுக்கு முழு விழிப்பே வரும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பிறகு நோய் வந்தது, வண்டியெல்லாம் நின்றது. ஒன்றரை வருஷம் பஸ்ஸில் தொங்கினோம். வண்டி திரும்ப ஓட ஆரம்பித்தபோது பழைய வண்டி இல்லை. நாலு ஓடின இடத்தில் ரெண்டு. நம்பர் புதிது, பெயர் புதிது, நேரம் புதிது. சின்ன ஸ்டேஷன்கள் பலதிலும் இனி நிற்காது என்றார்கள். மாவிளையில் நிற்காது. சுஜா பாறசாலை வரைக்கும் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வர வேண்டும். நானாக இருந்தால் நாலு பேரைச் சபித்திருப்பேன். அவள் சிரித்தாள். "வண்டி வந்துச்சே மாமி, அது போரும்" என்றாள்.

வண்டி வந்து ஒன்பதாம் நாள் அது. மழை. சுஜா அன்றைக்கு இன்னொருத்திக்கும் சேர்த்து வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "அண்ணாச்சி, பாறசாலையாக்கும், கேட்டியளா. பழைய ஓர்மையில மாவிளையில எழுப்பிராதிய" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நயினாரும் சிரித்தார். "அதெப்படிம்மா மறப்பேன்" என்றார்.

நெய்யாற்றங்கரை தாண்டியது. பாலத்துச் சத்தம் வந்து போனது. ரெண்டாவது பாதை போடுகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கத்தில் வண்டி மெதுவாகப் போகும். மெதுவானது. வளைவில் பெட்டி சாய்ந்தது. பிரேக் பிடித்தது. நயினார் கண்ணை மூடியிருந்தார். அவர் கை தானாக எழுந்தது. டொக், டொக். "எம்மா, மாவிளை."

சுஜா எழுந்தாள். பையை அணைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த நான் காலை மடக்கி அவளுக்கு வழி விட்டேன். ஆமாம், நான் வழி விட்டேன். கண் திறந்திருந்தது, எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் பதினாலு வருஷமாக அந்த இடத்தில் அவள் எழுந்ததும் நான் காலை மடக்குவேன், அன்றைக்கும் மடக்கினேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். வெளியே பிளாட்பாரத்து விளக்கு ஒன்று ஜன்னலைக் கடந்து போனது. அது நிற்காமல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கம் யாரோ அலறினார்கள். யாரோ சங்கிலியை இழுத்தார்கள்.

நயினார் கண்ணைத் திறந்து முதலில் எதிரே இருந்த காலி சீட்டைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

போலீஸ் வந்து கேட்டது. வாசலில் நின்றவர்கள், "அவங்க பாட்டுக்கு வந்தாங்க, நேரா கால் எடுத்து வச்சுட்டாங்க, ஒரு நிமிஷம்கூட நிக்கல" என்றார்கள். அது உண்மைதான். அதற்கு முன்னால் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. நயினாருக்கு வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மறுநாள் காலைக்குள் செய்தி ஊரெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது: சுஜா சாடிவிட்டாள், வேண்டுமென்றே குதித்துவிட்டாள். ஓடுகிற வண்டியிலிருந்து சாடிச் செத்தாள். புருஷன் விட்டுப் போனவள்தானே, மனசு வெறுத்துப் போயிருக்கும் என்று காரணமும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆஸ்பத்திரிக் கேண்டீனில் நானே என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நயினார் யாரையும் எழுப்பவில்லை. பேப்பர் கொண்டுவருவதை நிறுத்தினார். வண்டியில் ஏறியதும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். கண்ணை மூடுவதும் இல்லை. நெய்யாற்றங்கரையில் இறங்க வேண்டிய ரெஜி என்கிற டைல்ஸ் வேலைக்காரர் பாறசாலை வரைக்கும் போய்விட்டு, மறுநாள் வந்து சண்டை பிடித்தார். "என்ன அண்ணாச்சி, நீங்க இருக்கிய தைரியத்துலதானே உறங்கினேன்? ஒரு தட்டு தட்டினா என்ன கொறஞ்சா போவும்?" என்றார். நயினார் தொடைக்கு அடியில் கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். எனக்குத்தான் வந்த கோபத்துக்கு, "ஏன், உங்க மொபைல்ல அலாரம் இல்லியா? வீட்டுக்காரி செத்தாலும் அண்ணாச்சிதான் வந்து எழுப்பணுமா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் ரெஜி எங்கள் பக்கம் வருவதில்லை.

இனிச் சொல்வதை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது இருந்தால் வேலை பார்க்க முடியாது. ஆனால் அந்த ஜன்னலோர சீட்டில் யாரும் நிலைக்கவில்லை. வண்டி ரெண்டே ரெண்டு என்று ஆன பிறகு கூட்டம் கொஞ்சநஞ்சமா? கழிப்பறை வாசல்வரை ஆள் நிற்கும். துண்டைப் போட்டு, குடையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அந்த சீட்டிலும் யாராவது உட்காரத்தான் செய்வார்கள். பாலத்துச் சத்தம் வந்ததும் எழுந்து போய் வாசல் பக்கம் நின்றுகொள்வார்கள். ஒரு பெண்ணிடம் கேட்டேன், ஏன் எழுந்தாய் என்று. "யாரோ எழுப்பின மாதிரி இருந்துச்சு" என்றாள்.

எனக்கும் கேட்டது. முதல் தடவை ஏதோ ஜன்னல் கம்பி ஆடுகிறது என்று நினைத்தேன். வண்டி மெதுவாகும், வளைவில் சாயும், உடனே டொக், டொக். சீட்டின் ஓரத்தில், அதே இடத்தில். நயினார் கை தொடைக்கு அடியில் இருக்கும். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த நேரம் வந்தால் நான் கந்தசஷ்டிக் கவசத்தை மனசுக்குள் பாதியிலிருந்து ஆரம்பிப்பேன்.

ரெண்டு மாதம் கழித்து அஜிதா வந்தாள். அம்மா வேலையை மகளுக்குக் கொடுத்திருந்தார்கள். இருபது வயதுப் பிள்ளை. முதல்நாள் சாயங்காலம் வண்டியில் ஏறி, சுற்றிப் பார்த்துவிட்டு, நேராக வந்து அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ! நயினார் அவளைப் பார்த்ததும் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார். நேமம் தாண்டியதும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அவளைத் தனியாக விட அவருக்குத் துணிவு இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

அவள் உறங்கமாட்டாள். வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். மாவிளை வந்ததும் கழுத்தைத் திருப்பி, பிளாட்பாரம் மறைகிறவரை பார்ப்பாள். நாலைந்து மாதம் போனது. ஒருநாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அம்மாவை நெனச்சுட்டியா மக்களே?" என்று கேட்டேன்.

"மாமி, அம்மை போனது என்னாலதான்" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"எனக்கு நர்ஸிங் படிக்க பெங்களூர் போகணும்னு சண்டை. தனியா விடமாட்டேன்னு அம்மை. மூணு நாளு நான் மிண்டவே இல்ல, ஒரு வார்த்த பேசல. அன்னைக்குக் காலையில சோறு கெட்டி வச்சிருந்தா, நான் எடுக்காமப் போனேன். அன்னைக்குச் சாயங்காலந்தான் சாடினா. மாமன்மாரும் அதையேதான் சொல்லுதாவ. நீ மிண்டாம இருந்ததுக்குத்தான்டீ உன் அம்மை போனான்னு." அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். "நெதமும் இந்த எடம் வரும்போது எனக்குத் தோணும் மாமி, அம்மை விளிக்காளோன்னு. ஒருநாள் நானும் எழும்பிப் போயிருவேனோன்னு பயமாட்டு இருக்கு."

நான் "அப்படியெல்லாம் இல்ல மோளே" என்றேன். இல்லை என்று சொல்வதற்கு ஒரு காரணம் என் வாய்க்குள்ளேயே இருந்தது. அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் நயினார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்து திருநீறு கரைந்தது.

அன்றையிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. ஆவுடைத்தாய் எனக்கு போன் செய்தாள். "எக்கா, ஞாயித்துக்கிழமையும் வண்டி ஏறிப் போறாவ. கடை பூட்டிக் கெடக்கு. கேட்டா பதில் இல்ல. திருவனந்தபுரத்துல தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்துல இருந்துட்டு, சாயங்கால வண்டியில திரும்பி வாறாவளாம். ஒறக்கத்துல ரெண்டு கையாலயும் கட்டில்ல தட்டுறாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஏதாவது வைப்பு, செய்வினையா இருக்குமா?" என்று கேட்டாள். செய்வினைதான், செய்த வினைதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினேன்.

மறுநாள் பிளாட்பாரத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். "அண்ணாச்சி, நடந்ததை அந்தப் பிள்ளைகிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா? தன்னாலதான் அம்மை செத்தான்னு ஒரு பச்சப்பிள்ளை நெனச்சு உருகுது. நீங்க பூப்போல உட்கார்ந்திருக்கிய. இது நியாயமா?" என்று பொரிந்து தள்ளினேன். பெரிய நியாயஸ்தி நான்.

அவர் கையைக் கூப்பினார். "நானே சொல்லுதேன் எக்கா. நெதமும் சொல்லணும்னுதான் ஏறுதேன். கடைக்குப் பக்கத்துல சொல்லலாம்னா அவ அங்க வரமாட்டா. ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு நாளு வந்து நின்னேன், கால் வெறச்சுப் போச்சு. வண்டியிலதான் பக்கத்துல இருக்கா. ஆனா ஓடுற வண்டியில சொல்லப் பயமா இருக்கு. அந்த எடத்தைத் தாண்டுத நேரத்துல, கேட்டுட்டு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டான்னா? ஒருத்திய அனுப்பியாச்சு. இன்னொருத்தியையும் அனுப்பணுமா? வண்டி ஒருநாளு ஒரே ஒரு நாளு அங்க நின்னா போதும் எக்கா. நின்ன வண்டியில சொல்லிப்புடுவேன்."

"மாவிளையில வண்டி நிக்காது அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும்" என்றார்.

நின்றது. அகில இந்திய வேலைநிறுத்தம் அன்றைக்கு. கேரளத்தில் பணிமுடக்கு என்றால் சொல்ல வேண்டுமா? சாலைக் கடைவீதியில் ஒரு ஷட்டர் திறக்கவில்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. காலையில் வண்டியில் நானும் இன்னும் பத்துப் பேரும் இருந்தோம். நயினாரும் இருந்தார். பூட்டிய கடைக்கு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு. சாயங்காலம் பஸ் இல்லாத கூட்டமெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ரெண்டு வண்டியில் ஒன்றை ரத்து செய்துவிட்டார்கள். இருந்த ஒன்றில் எப்படி ஏறினோம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அஜிதா முந்தின நாள் காலையில் வேலைக்கு வந்தவள். மாற்று ஆள் வரமுடியாததால் ராத்திரியும் அங்கேயே நின்று, அன்றைக்கும் பகல் முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறாள். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. அந்த ஜன்னலோரத்தில் விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு நயினாரைப் பார்த்து, அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

"மாமா, அம்மைய நீங்கதானே டெய்லி எழுப்பி விடுவீங்க? அம்மை வீட்டுல சொல்லும், அண்ணாச்சி உண்டு, எனக்குப் பயமில்லன்னு. இன்னைக்கு என்னையும் பாறசாலையில எழுப்பி விடணும். கண்ணு அடைச்சுட்டு வருது."

நயினார் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவள் உறங்கிவிட்டாள். அதே மாதிரி, பையை மார்போடு அணைத்து, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து. என்னால் பார்க்க முடியவில்லை.

பாலராமபுரம் போனது. நெய்யாற்றங்கரை போனது. பாலத்துச் சத்தம் வந்தது. வண்டி மெதுவானது. வளைவில் சாய்ந்தது. இன்னும் மெதுவானது, இன்னும் மெதுவானது. பிறகு ஒரு குலுக்கலோடு நின்றது. ஜன்னலுக்கு நேரே மஞ்சள் பலகையில் மாவிளை என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. பிளாட்பாரத்தில் யாரோ ஓடிக்கொண்டே, முன்னால் தண்டவாளத்தில் பணிமுடக்குக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அரைமணி நேரம் ஆகும் என்று கத்திக்கொண்டு போனார்.

டொக், டொக்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை என் மடியில் இருந்தது. அவர் கை அவர் தொடைக்கு அடியில் இருந்தது. அஜிதா எழுந்தாள். "பாறசாலை ஆச்சா?" என்று முனகிக்கொண்டே, பாதிக் கண்ணோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"இரி பிள்ளே!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. நயினாருக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று யாருக்கும் தெரியாது. பாய்ந்து போய் வாசலில் அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். நானும் இடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"பாறசாலை இல்ல. மாவிளை" என்றார்.

அவளுக்கு இப்போது நன்றாக விழிப்பு வந்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தாள். "வண்டி நின்னுருக்கே மாமா. நான் இங்கயே எறங்கிக்கிடுதேன். வீடு பக்கம்."

"எறங்கு. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுட்டு எறங்கு." அவர் மூச்சு வாங்கினார். "உன் அம்மை சாடல்ல."

அவள் அவரையே பார்த்தாள்.

"அவ நல்ல ஒறக்கம். பாறசாலையில எழுப்பணும்னு எங்கிட்டச் சொல்லிட்டு ஒறங்கினா. வண்டி இங்க மெதுவாச்சு. எனக்குக் கை பழகிப்போயி, தட்டிட்டேன். மாவிளைன்னும் சொல்லிட்டேன். எப்பவும் போல எந்திரிச்சுப் போனா. வண்டி நிக்குன்னு நெனச்சு காலை எடுத்து வச்சா. சாடல்ல மக்களே. நான்தான் அனுப்பினேன்."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அஜிதா வெளியே புன்னைமரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அம்மை வீட்டுக்கு வரத்தான் எறங்கினாளா?"

"ஆமா மக்களே. வீட்டுக்கு வரத்தான்."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக அழாத அழுகையை அங்கே அழுதாள். ஆஸ்பத்திரியில் நான் கேட்காத அழுகை இல்லை. ஆனால் இதைக் கேட்டு நிற்க முடியவில்லை. நயினார் அவள் பக்கத்தில் போகாமல், தொடாமல், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திடீரென்று அவள் எழுந்து, பையை ஓங்கி அவர் நெஞ்சில் அடித்தாள். "எட்டு மாசம்! எட்டு மாசம் மாமா! ஒரு வார்த்தை! நான் எத்தன தடவை இந்த வாசல்ல வந்து நின்னேன் தெரியுமா?" இன்னும் ரெண்டு அடி. டிபன் பாத்திரம் உள்ளே சத்தம் போட்டது. யாரோ தடுக்க வந்தார்கள். நயினார், "விடுங்க, அடிக்கட்டு" என்றார்.

அடித்து ஓய்ந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நயினார் முதலில் பிளாட்பாரத்தில் இறங்கினார். "வா. உன் மாமன்மாருகிட்ட நானே வந்து சொல்லுதேன். ஊருல எல்லாருட்டயும் சொல்லுதேன். என்ன செய்யணுமோ செய்யட்டு" என்றார். அடித்தே போட்டாலும் போடுவார்கள், அவருக்கும் அது தெரியும். ஆனால் அந்த முகத்தில் பயம் இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு பழைய நயினார் நின்றார்.

அவள் இறங்கினாள். நானும் இறங்க வேண்டும். கூட நடக்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு படிவரை வந்துவிட்டேன். அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமி, நீங்க அம்மைக்கு எதிர்லதானே இருப்பீங்க? அன்னைக்கு நீங்க ஒண்ணும் காணலியா?"

ஊரையே நாக்கில் வைத்து அரைக்கிற மங்கலத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கீழே நின்ற நயினார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், ரயிலில் என் கண் அடையாது என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

"மாமி அன்னைக்கு நல்ல ஒறக்கம் மக்களே" என்றார். "அவியளுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.